லே-க்கு ஒன்றரை மணி நேரம்: மலை நோயின் வரலாறு (நீண்ட இழை)

1/ மே மாதம் வந்தா எங்க ஓ.பி.யில ஒரு புது வகை ஆட்கள் வரிசையில நிப்பாங்க. காய்ச்சல் இல்ல, சளி இல்ல. "டாக்டர், பசங்களோட லடாக் போறோம். அந்த மலை மாத்திரை மட்டும் எழுதிக் குடுங்க." சிலர் அமர்நாத் போக மருத்துவச் சான்றிதழில் கையெழுத்து கேட்டு வருவாங்க. சிலர் கயிலாய யாத்திரைக்கு.

மாத்திரையைப் பத்தி சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு கதை சொல்லணும். கதை தெரிஞ்சாதான் மாத்திரை எதுக்குன்னு புரியும். கொஞ்சம் நீளம், பொறுமையா வாசிங்க.

2/ முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். "எனக்கு மலை ஒத்துக்காது டாக்டர், ஏற்காடு போனாலே வாந்தி" என்பார்கள். அது மலை நோய் இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திரும்பத் திரும்ப காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு குழம்பி வரும் பயண வாந்தி. எலுமிச்சம்பழம் முகர்ந்தா அடங்குறதும், வண்டியை நிறுத்தினா சரியாப் போறதும் அதுதான்.

3/ உண்மையான மலை நோய் பொதுவா 2,500 மீட்டருக்கு மேல தூங்குறவங்களுக்கு வருவது. ஊட்டி 2,240 மீட்டர். கொடைக்கானல் அதைவிடக் குறைவு. தமிழ்நாட்டின் உயரமான சிகரங்களில் ஒன்றான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான், அங்க யாரும் ராத்தங்குறதில்லை.

அதாவது, நம்ம ஊர்லயே இருந்தா இந்த நோயை வாழ்நாள் முழுக்க பார்க்காமலே இருந்துடலாம். கடலை ஒட்டிய புதுச்சேரிக்காரர்களுக்குக் கேட்கவே வேண்டாம். பாட்டி வைத்தியத்துலயும் இதுக்கு மருந்து கிடையாது. பாட்டி பார்த்திருந்தால்தானே!

4/ ஆனா இதைப் பார்த்த நாடுகள் உண்டு. சீனாவின் ஹான் பேரரசு காலத்திலேயே, மேற்கே போகும் வழியில் "பெரிய தலைவலி மலை", "சின்னத் தலைவலி மலை" என்று இரண்டு இடங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நோயாளி சொன்ன அறிகுறியையே ஊருக்குப் பேராக வைத்துவிட்டார்கள்.

இமயமலைப் பக்கம் இதை "விஷக் காற்று" என்றார்கள். கணவாயில் பூக்கும் செடிகளின் வாடைதான் தலையைச் சுற்ற வைக்கிறது என்று நம்பினார்கள்.

5/ தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையைக் கடந்த ஹோசே தே அகோஸ்தா என்ற ஸ்பானியப் பாதிரியார், 1590-ல் வெளிவந்த தன் நூலில் பரியகாகா மலையில் தனக்கு வந்த வாந்தியையும் தவிப்பையும் விரிவா எழுதினார். அவர் ஊகித்த காரணம்: அந்த உயரத்தில் காற்று மனித மூச்சுக்குப் போதாத அளவு மெலிசா இருக்கு.

காற்றுக்கு எடை உண்டுன்னு யாரும் நிரூபிக்காத காலத்துல ஒருத்தர் இதைச் சொன்னது பெரிய விஷயம்.

6/ நிரூபணம் பிரான்ஸில் இருந்து வந்தது. 1648 செப்டம்பரில் பாஸ்கல் சொன்னபடி அவருடைய மைத்துனர் பெரியே பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு பூய் தெ தோம் என்ற மலை மேல ஏறினார். அடிவாரத்தில் இருந்ததைவிட உச்சியில் பாதரசம் ஏறக்குறைய 8 செ.மீ. இறங்கி நின்றது. மேலே போகப் போக காற்றின் அழுத்தம் குறையுது என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

7/ சரி, அழுத்தம் குறைஞ்சா மனுஷனுக்கு ஏன் வாந்தி வரணும்? இதுக்குப் பதில் கிடைக்க இன்னும் 230 வருஷம் ஆச்சு. பதில் சொன்னவர் பால் பேர். மாபெரும் உடலியல் அறிஞர் கிளோத் பெர்னாரின் மாணவர்.

பாரிஸில் பெரிய இரும்பு உருளைகள் செய்து, அதுக்குள்ள உயிர்களை வைத்து காற்றை உறிஞ்சி எடுத்தார். தானும் உள்ளே போய் உட்கார்ந்தார். அழுத்தம் குறையும்போது தலை சுற்றும், நாடித்துடிப்பு ஏறும். ஒரு பையில் இருந்து ஆக்சிஜனை இழுத்ததும் எல்லாம் சரியாகும். உருளைக்குள் அழுத்தம் மட்டும் அப்படியே குறைவாக இருக்கும்.

8/ அவர் முடிவு எளிமையானது. மலை மேலயும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஆனா அதை நுரையீரலுக்குள்ள தள்ளுற அழுத்தம் குறைஞ்சிடுது. கடற்கரையில் 100 கிடைக்குதுன்னு வச்சுக்கிட்டா, லே நகரில் (3,500 மீட்டர்) சுமார் 65. கர்துங் லா கணவாயில் ஏறக்குறைய பாதி.

1878-ல் வந்த "காற்றழுத்தம்" என்ற அவருடைய பெரிய நூல்தான் உயர்மலை மருத்துவத்துக்கு அடித்தளம்.

9/ அந்த நூல் வருவதற்கு 3 வருஷம் முன்பு ஒரு துயரம். 1875 ஏப்ரல் 15, "ஸெனித்" என்ற பலூனில் மூன்று பேர் பாரிஸிலிருந்து மேலே போனார்கள்: திஸ்ஸாந்தியே, குரோசே-ஸ்பினெல்லி, சிவெல். பின்னவர்கள் இருவரும் பால் பேரின் உருளைக்குள் ஏற்கனவே உட்கார்ந்து பழகியவர்கள். ஆக்சிஜன் பைகளும் எடுத்துப் போனார்கள். "அந்த அளவு போதாது" என்று பால் பேர் எழுதிய கடிதம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

10/ பலூன் 8,000 மீட்டரைத் தாண்டியது. திரும்பி வந்தது திஸ்ஸாந்தியே ஒருத்தர்தான், அவருக்கும் காது கேட்காமல் போனது. அவர் பிறகு எழுதினார்: ஆக்சிஜன் குழாய் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது, கையைத் தூக்க முடியவில்லை. வலி இல்லை, பயமும் இல்லை, மனசுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிங்க. ஆக்சிஜன் குறையும்போது முதலில் கெடுவது மூளையின் தீர்ப்பு. "நான் நல்லாத்தான் இருக்கேன்"னு சொல்றவர் நல்லா இல்லாமல் இருக்கலாம். ட்ரிப் போறவங்க மறக்கக் கூடாத பாடம் இது.

11/ பால் பேர் கதையில் நம்ம பக்கத்து வரலாறும் தொட்டுக்கொண்டு போகுது. அவர் அரசியலில் இறங்கி, 1886-ல் அன்னாம்-தோன்கின் பகுதிக்கு பிரெஞ்சு அரசின் தலைமைப் பிரதிநிதியாகப் போனார். புதுச்சேரி, காரைக்காலில் இருந்து நம்ம முன்னோர் பிரெஞ்சு இந்தோசீனாவுக்கு, குறிப்பா சைகோனுக்கு, அரசு வேலைக்குக் கப்பல் ஏறிய காலம் அதுதான். உயரத்தின் ஆபத்தைக் கண்டுபிடித்த மனிதர் அதே வருஷம் நவம்பரில் ஹனோயில், கிட்டத்தட்ட கடல்மட்டத்தில், வெப்பமண்டல நோய்க்கு இறந்தார்.

12/ ஆக்சிஜன் குறைவுன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா அது எப்படிக் கொல்லுதுன்னு தெரியல. 1891-ல் மோன் பிளான் மலையில், 4,300 மீட்டருக்கு மேல் இருந்த வாலோ குடிலில் தங்கிய இளம் டாக்டர் ழாக்கோத்தே, கடும் தலைவலியும் மூச்சுத்திணறலும் வந்தபிறகும் கீழே இறங்காமல் இருந்தார். செப்டம்பர் 2-ம் தேதி இறந்தார். பிரேதப் பரிசோதனையில் நுரையீரல் முழுக்க நீர்.

நிமோனியான்னு எழுதி வச்சாங்க. அடுத்த 70 வருஷம் மலையில் இப்படி இறந்த எத்தனையோ பேருக்கு அதே பேர்தான் கிடைத்தது.

13/ இதை உலக அளவில் உடைத்துச் சொன்னவர் அமெரிக்காவின் ஆஸ்பென் ஊரில் பொது மருத்துவம் பார்த்த சார்லஸ் ஹூஸ்டன், 1960-ல். மலை ஏறுபவர். ஆரோக்கியமான இளைஞருக்கு உயரத்தில் நுரையீரலில் நீர் கோர்க்கிறது, இது கிருமி இல்லை, இதயக் கோளாறும் இல்லை என்றார். பெரு நாட்டு மருத்துவர்கள் தங்கள் மலையூர்களில் இதை முன்பே பார்த்திருந்தார்கள். ஆங்கில மருத்துவ உலகம் கவனித்தது இப்போதுதான்.

14/ இனி கதை இந்தியாவுக்கு வருது. இந்த நோயைப் பற்றிய மிகப்பெரிய அனுபவம் உலகத்துக்குக் கிடைத்தது நம்ம ராணுவத்திடமிருந்து. அந்த அனுபவத்துக்கு நாம் கொடுத்த விலையும் பெரியது.

1948 மே 24. லே நகரம் படையெடுப்பில் விழப்போகும் நிலை. ஏர் கமோடோர் மெஹர் சிங், ஜெனரல் திம்மையாவையும் ஏற்றிக்கொண்டு டகோட்டா விமானத்தை அங்கே அவசரமாகப் போட்ட மண் ஓடுதளத்தில் இறக்கினார். அந்த ஓடுதளத்தை அமைத்தவர் சோனம் நோர்பு என்ற லடாக்கி பொறியாளர்.

15/ அதே வருஷம் நவம்பர் 1-ம் தேதி, சுமார் 11,500 அடி உயரத்தில் உள்ள ஸோஜி லா கணவாயில் இந்தியப் படை டாங்கிகளைக் கொண்டுபோய் எதிரியை அதிர வைத்தது. கோவேறு கழுதை போகும் தடத்தை டாங்கி போகும் பாதையாக வெட்டிக் கொடுத்தவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ், நம்ம தென்னாட்டுப் பொறியாளர் படை. பனியில மண்வெட்டி பிடிச்சதில் பெரும்பாலானவங்க அதுக்கு முன்னாடி பனியையே பார்த்திருக்க மாட்டாங்க.

16/ 1962-ல் சீனப் போர். சமவெளியில் இருந்த வீரர்களை அவசர அவசரமா மலைக்கு அனுப்பினார்கள். கடல்மட்டத்துக்குப் பழகின உடம்பு, சில மணி நேரத்தில் அல்லது சில நாட்களில் 11,000 முதல் 18,000 அடி வரை. தலைவலி, வாந்தி, தூக்கமின்மை. சிலருக்கு இருமலோடு நுரையான சளி, மூச்சுத்திணறல். சிலர் குடித்தவர் போல் தள்ளாடி, பிறகு நினைவிழந்தார்கள். குண்டடி படாமலே வீரர்கள் விழுந்தார்கள்.

17/ ராணுவ மருத்துவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். 1965-ல் மேனன் என்பவரின் ஆய்வும், இந்தர் சிங் குழுவின் ஆய்வும் வெளிநாட்டு இதழ்களில் வந்தன. 1969-ல் இந்தர் சிங் குழு "நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்" இதழில் 1,925 வீரர்களைப் பற்றி எழுதியது. மலை நோய் பற்றி எந்த நாட்டிலும் அதுவரை இவ்வளவு பேரை ஒரே கட்டுரையில் யாரும் பதிவு செய்ததில்லை. இன்றைக்கும் உயர்மலை மருத்துவப் பாடநூல்களில் இந்தக் கட்டுரை மேற்கோளாக வருகிறது.

அன்று அவர்கள் பரிந்துரைத்த, சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசமைட் மருந்து பிறகு கைவிடப்பட்டது. ஆனா நோயை அவர்கள் விவரித்த விதம் இன்னும் நிற்கிறது.

18/ அந்தக் காலத்து இந்திய ஆய்வுகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்த விஷயம் ஒன்று. மலையில் மாதக்கணக்கில் எந்தத் தொந்தரவும் இல்லாம இருந்த வீரர், லீவில் ஊருக்கு வந்து சில வாரம் இருந்துட்டு விமானத்தில் திரும்புறார். இரண்டாவது நாள் ராத்திரி நுரையீரலில் நீர்.

பழகின உடம்பு என்பது சேமிப்புக் கணக்கு இல்லை. கீழே இறங்கினா கரைஞ்சிடும். "போன வருஷம் போனேனே, ஒண்ணும் ஆகலையே" என்ற வாதம் அன்றே தோற்றுவிட்டது.

19/ இந்த அனுபவத்தில் இருந்து பிறந்ததுதான் ராணுவத்தின் படிப்படியான பழக்க முறை. 9,000 அடியிலிருந்து 12,000 அடி வரை 6 நாள். அதில் முதல் 2 நாள் முழு ஓய்வு, பிறகு மெதுவான நடை, கடைசியில்தான் சின்ன ஏற்றம். 12,000 முதல் 15,000 அடிக்கு மேலும் 4 நாள். அதற்கு மேல் இன்னும் 4 நாள்.

மொத்தம் 14 நாள். தினமும் உடற்பயிற்சி செய்யும் 22 வயசு வீரருக்கே 14 நாள். நம்ம ட்ரிப் பிளானில் மொத்த லீவே 9 நாள்!

20/ ஏன் இத்தனை நாள் வேணும்? மேலே போனதும் உடம்பு வேகமா மூச்சு வாங்குது. அதனால் கார்பன் டை ஆக்சைடு அதிகமா வெளியேறி ரத்தம் காரத்தன்மை அடையுது. உடனே மூளை, "மூச்சைக் குறை" என்று பிரேக் போடுது. குறிப்பா தூக்கத்தில்.

சிறுநீரகம் அந்தக் காரத்தை வெளியேற்ற 2, 3 நாள் எடுத்துக்கும். அதுக்கப்புறம்தான் பிரேக் விடும். அந்த இடைவெளியில்தான் நோய் வருது.

21/ நீங்க கேட்ட "மலை மாத்திரை" இங்கதான் வருது. பேர் அசிட்டசோலமைட். கண் டாக்டர்கள் கண் அழுத்த நோய்க்குக் கொடுக்கும் பழைய மருந்து. 1960-களில் மலை நோய்க்கும் உதவும்னு தெரிந்தது. சிறுநீரகத்தின் அந்த வேலையை அது சீக்கிரம் முடிக்க வைக்குது.

அதாவது அது பழகுவதை வேகப்படுத்தும் மருந்து, வலி மறைக்கும் மருந்து இல்லை. விரல் நுனி மரத்துப்போகும், சோடா சப்புன்னு இருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்லணும். மருந்துக் கடையில் நீங்களா வாங்காதீங்க. மாத்திரை போட்டுட்டு அவசரமா ஏறலாம் என்பதும் தப்பு.

22/ இவ்வளவு வரலாற்றையும் திரும்பிப் பார்த்தா ஒரு விஷயம் தெரியும். கால்நடையா போன வணிகருக்குத் தலைவலி. பலூனில் போனவருக்கு மரணம். விமானத்தில் இறங்கிய வீரருக்கு நுரையீரலில் நீர். வண்டியின் வேகம் கூடக் கூட நோயும் கூடியிருக்கு. நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவாரப் பாதையில் 4,243 மீட்டரில் ஹேக்கெட் குழு செய்து 1976-ல் வெளியிட்ட ஆய்வில், மலை நடை வந்தவர்களில் 53 சதவீதம் பேருக்கு மலை நோய். லுக்லா வரை விமானத்தில் வந்தவர்களுக்கு, நடந்தே வந்தவர்களைவிட அதிகம்.

23/ இப்போ நம்ம ரோடு ட்ரிப்புக்கு வருவோம். ஒரகடம் பக்கம் தயாராகும் பைக்கை வாங்கி, மணாலி வரை லாரியில் அனுப்பி, அங்கிருந்து லே-க்கு ஓட்டுவது இப்போ பலருடைய கனவு. மணாலி 2,050 மீட்டர். வழக்கமான பிளான்: முதல் நாள் ராத்திரி சர்ச்சுவில் கூடாரம். சர்ச்சு 4,290 மீட்டர்! ஒரே நாளில் 2,200 மீட்டருக்கு மேல் ஏறி, அங்கேயே தூக்கம்.

2020-ல் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு இந்த அவசரம் இன்னும் சுலபமாகிவிட்டது. நல்ல ரோடு நல்லதுதான், உடம்பு மட்டும் பழைய ரோட்டு வேகத்திலேயே இருக்கு.

24/ மாற்று வழி உண்டு. கேலாங் அல்லது ஜிஸ்பாவில் (3,100–3,200 மீட்டர்) 2 ராத்திரி தங்குங்க. பிறகு விடியற்காலையில் கிளம்பி, உயரக் கணவாய்களைத் தாண்டி, லே-யில் (3,500) போய்த் தூங்குங்க. அன்றைக்கு நீளமான ஓட்டம்தான். ஆனா கணக்கில் வருவது எங்கே தூங்குறீங்க என்பது.

முதல் தடவை போறவங்களுக்கு ஸ்ரீநகர்–கார்கில் வழி இன்னும் நல்லது. கார்கில் 2,676 மீட்டர்தான், உடம்புக்கு நேரம் கிடைக்கும். பொது விதி: 3,000 மீட்டருக்கு மேல் போனா, தூங்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது. 3, 4 நாளுக்கு ஒரு நாள் ஓய்வு.

25/ கூடாரத்துக்கு இன்னொரு எச்சரிக்கை. குளிருக்காக உள்ளே கரி அடுப்போ ஸ்டவ்வோ வைக்காதீங்க. கார்பன் மோனாக்சைடு விஷம் வந்தாலும் தலைவலி, வாந்தி, மயக்கம்தான். மலை நோய்னு நினைச்சுப் படுத்துடுவீங்க.

கற்பூரம் முகர்வது? யாத்திரைக் குழுக்களில் ஆளுக்கொரு பொட்டலம் கொடுக்குறாங்க. மூக்கு திறந்த மாதிரி இருக்கும், ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாது. கையடக்க ஆக்சிஜன் டப்பா சில நிமிஷம்தான் வரும். நம்ம ஊர்க்காரங்களுக்குத் தனியா சொல்றேன்: சரக்கு முதல் சில நாள் வேண்டாம். தூக்க மாத்திரையும் வேண்டாம். இரண்டும் ராத்திரி மூச்சை அடக்கும்.

26/ எப்போ பயப்படணும்?

தலைவலி, குமட்டல், களைப்பு மட்டும்னா: அங்கேயே நில்லுங்க, மேலே ஏறாதீங்க. ஒரு நாளில் குறையலன்னா இறங்குங்க.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குது, இருமல், உதடு நீலம்: நுரையீரலில் நீர். பெரும்பாலும் 2-வது முதல் 4-வது ராத்திரிக்குள் வரும்.

ஒரு நேர்க்கோட்டில் குதிகால் மேல் விரல் வைத்து நடக்கச் சொல்லுங்க. தள்ளாடினா, பேச்சு குழறினா: மூளை வீக்கம்.

கடைசி இரண்டுக்கும் விடியும் வரை காத்திருக்காதீங்க. ஆக்சிஜன், மருந்து கிடைச்சா கொடுங்க. அதோட உடனே கீழே இறக்குங்க. தனியா அனுப்பாதீங்க, அவரையே வண்டி ஓட்டவும் விடாதீங்க.

27/ கயிலாயம் போறவங்களுக்கு. மானசரோவர் ஏரியே 4,590 மீட்டர். கிரிவலத்தில் வரும் டோல்மா லா 5,600 மீட்டருக்கு மேல். வெளியுறவுத் துறை நடத்தும் லிபுலேக் வழி யாத்திரையில் டெல்லியில் ஒரு பரிசோதனை, பிறகு குஞ்சியில் மறுபடி ஒன்று. அங்கே "வேண்டாம்" என்றால் திருப்பி அனுப்பிடுவாங்க. சண்டை போடாதீங்க, அந்த டாக்டர் உங்க குடும்பத்துக்கு நல்லது செய்றார்.

28/ கயிலாயத்துக்கும் நம்ம மண்ணுக்கும் பழைய உறவு. நம்ம காரைக்காலில் வாழ்ந்த அம்மையார் அந்த மலையைக் காலால் மிதிக்க மனமில்லாமல் தலையால் ஏறியதாகப் பெரியபுராணம் சொல்லுது. அதே நூலில் அப்பர் கதையும் உண்டு. கால் தேய்ந்து, கை தேய்ந்து, உருண்டுகூடப் போகிறார். "திரும்பிப் போ" என்று சொல்லப்படுகிறது. மறுக்கிறார். கடைசியில் அங்கே ஒரு பொய்கையில் மூழ்கி, காவிரிக் கரையில் திருவையாற்றில் எழுகிறார். அவர் தேடிப்போன தரிசனம் அங்கேதான் கிடைக்குது.

பக்திக் கதையை மருத்துவமா மாத்துற எண்ணம் எனக்கு இல்லை. ஆனா மலையிலிருந்து திரும்பி இறங்குவதைத் தோல்வின்னு நினைக்கிற யாத்ரீகர்களிடம் நான் சொல்றது இதைத்தான்: அப்பருக்கே இறங்கின பிறகுதான் கிடைச்சது.

29/ ஒரு சின்னத் தகவல். லே-யில் மலை நோய் வந்த சுற்றுலாப் பயணிகள் போய்ச் சேரும் அரசு மருத்துவமனையின் பெயர் சோனம் நோர்பு நினைவு மருத்துவமனை. ஆமாம், 1948-ல் முதல் விமானம் இறங்க மண்ணைச் சமன் செய்த அதே பொறியாளர் பேர்தான். டெல்லியிலிருந்து இன்றைக்கு ஒன்றரை மணி நேரத்தில் அங்கே இறங்கிடலாம். இறங்கினதும் முதல் 48 மணி நேரம் எங்கேயும் போகாதீங்க. ஹோட்டல், வெந்நீர், தூக்கம். அவ்வளவுதான்.

30/ இதய நோய், நுரையீரல் நோய், அரிவாள் செல் ரத்தசோகை இருக்கிறவங்க, கர்ப்பிணிகள், குழந்தைகளைக் கூட்டிட்டுப் போறவங்க: டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி டாக்டரைப் பாருங்க, கிளம்புறதுக்கு முந்தின நாள் வராதீங்க.

உங்க ட்ரிப் வாட்ஸ்அப் குரூப்ல 26-ம் பகுதியை மட்டுமாவது போட்டு வையுங்க. பிளானில் ரெண்டு நாள் கூட்டிக்கோங்க, லீவு கிடைக்கலன்னா ரெண்டு இடத்தைக் குறைச்சுக்கோங்க. கேள்வி இருந்தா கீழே கேளுங்க, டியூட்டி முடிஞ்சு பதில் சொல்றேன்.